யூஸ், ஃப்யூஸ், தொப்பி வெச்ச யூ: பிரெஞ்சு இலக்கணம் கேள்வி-பதில்

போன இதழ்ல சப்ஜோங்க்டிஃப் (சந்தேகம், ஆசை, பயம் மாதிரி விஷயங்களுக்கு வினை எடுக்கற தனி வடிவம்) பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்விங்க பெரும்பாலும் ஒரே எடத்துலதான் வந்து நிக்குது, அதோட கடைசிக் காலமான, இறந்தகாலத்துக்கும் முந்தினதைச் சொல்ற ப்ள்யூ-க-பார்ஃபே. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே. படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பிரெஞ்சுச் சொல்லுல நான் "யூ"ன்னு எழுதுற எடத்துல எல்லாம் நாக்கு "ஈ" சொல்ற எடத்துலயே இருக்கட்டும், உதட்டை மட்டும் "ஊ"க்கு குவிக்கிற மாதிரி குவிச்சுச் சொல்லுங்க, அந்தச் சத்தத்துக்கு நம்மகிட்ட தனி எழுத்து கிடையாது. எழுத்துக்கூட்டு சொல்ற எடத்துல மட்டும் ஆங்கில எழுத்துப் பேரையே வெச்சிருக்கேன்.

கேள்வி: நான் பி.ஏ. பிரெஞ்சு ரெண்டாவது வருஷம். கிளாஸ்ல இப்போ சப்ஜோங்க்டிஃப் ப்ள்யூ-க-பார்ஃபே ஆரம்பிச்சிருக்காங்க. ஏற்கெனவே தலைக்குள்ள ஏகப்பட்ட டேபிள், இதையும் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணுமா மேடம்?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. பேருதான் நீளம், கட்டுறதுக்கு இதைவிட சுலபமான காலம் பிரெஞ்சுல ரொம்ப கம்மி. இது ரெண்டு சொல் சேர்ந்த கூட்டுக்காலம், முன்னாடி ஒரு துணைவினை, பின்னாடி பார்த்திசிப் பஸே (முடிஞ்ச செயலைக் காட்டுற வினை வடிவம்). பார்த்திசிப் உனக்குப் புதுசே கிடையாது, பஸே கொம்போஸே (பேச்சுல வர்ற சாதாரண இறந்தகாலம்) படிச்சப்பவே பார்லே, ஃபினி, வாந்த்யூ, வன்யூ எல்லாம் கைக்கு வந்தாச்சு. புதுசா கத்துக்க வேண்டியது அவ்வார் (ஆங்கில have மாதிரி), எத்ர் (ஆங்கில be மாதிரி) இந்த ரெண்டு துணைவினையோட சப்ஜோங்க்டிஃப் எம்பார்ஃபே, அதாவது சப்ஜோங்க்டிஃபோட ஒத்தைச் சொல் இறந்தகாலம் மட்டும்தான்.

அவ்வார் இப்படிப் போகும்: க ஜ்யூஸ், க த்யூ யூஸ், கில் யூ, க நூஸ் யூசியோன், க வூஸ் யூசியே, கில்ஸ் யூஸ். எத்ர் இப்படி: க ஜ ஃப்யூஸ், க த்யூ ஃப்யூஸ், கில் ஃப்யூ, க நூ ஃப்யூசியோன், க வூ ஃப்யூசியே, கில் ஃப்யூஸ். வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாரு, காதுக்கு பாதி ஒரே மாதிரி கேக்கும், அதனால கண்ணுக்குத் தெரியற அளவு பாரம் நாக்குக்கு கிடையாது.

இது எங்கேருந்து முளைக்குதுன்னு தெரிஞ்சா அப்புறம் மறக்கவே மறக்காது. பஸே சேம்ப்ல்ல (புத்தகத்துல கதை சொல்ற இறந்தகாலம்) முன்னிலை ஒருமையை எடுத்துக்கோ, அவ்வாருக்கு ஈ-யூ-எஸ். அதோட பின்னாடி எஸ்-ஈ ஒட்டு, ஈ-யூ-எஸ்-எஸ்-ஈ, யூஸ் வந்துடுச்சு. எத்ருக்கு எஃப்-யூ-எஸ், அதோட எஸ்-ஈ, ஃப்யூஸ். படர்க்கை ஒருமை மட்டும் தனி வழியில போகும், அங்க ரெட்டை எஸ் கிடையாது, யூ எழுத்து தலைமேல சிர்கோன்ஃப்ளெக்ஸ் தொப்பி, கடைசில ஒரு டி. அந்தத் தொப்பி சும்மா அழகுக்கு இல்ல, பழைய பிரெஞ்சுல அங்க ஒரு எஸ் இருந்துச்சு, ஈ-யூ-எஸ்-டி, எஃப்-யூ-எஸ்-டி ன்னுதான் எழுதினாங்க, எஸ் சத்தம் போனப்புறம் அது இருந்த எடத்துக்கு அடையாளமா தொப்பி நின்னுடுச்சு. புத்தகம் படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் நீ பாக்கப்போறது இந்தப் படர்க்கை ஒருமையைத்தான், மத்த வடிவமெல்லாம் எப்பவாவது எட்டிப் பாக்கும். அதனால மொதல்ல அதை ஸ்ட்ராங் பண்ணிக்கோ.

கேள்வி: எந்த வினைக்கு அவ்வார், எந்த வினைக்கு எத்ர்? இதுக்குன்னு தனி லிஸ்ட் இருக்கா?

பதில்: தனி லிஸ்ட் கிடையாது. பஸே கொம்போஸேல எந்தத் துணைவினையோ இங்கயும் அதேதான், ஆலே, வனீர், பார்தீர், அரிவே, நேத்ர், மூரீர் வகையறாவுக்கும் "ஸ" சேர்ந்து வர்ற வினைகளுக்கும் எத்ர், மத்ததுக்கு அவ்வார். பார்த்திசிப் ஒத்துப்போற விதியும் அப்படியே, அவள் கிளம்பினதைச் சொல்ற "எல் ஃப்யூ பார்தி"ல பார்திக்கு கடைசில ஒரு ஈ எழுதணும், பலர்னா ஈ-எஸ். எதிர்மறைக்கு பா நடுவுல உக்காரும், "கில் ந்யூ பா ஃபினி".

கேள்வி: மேடம், வடிவம் புரியுது. ஆனா எப்ப வரும்னு புரியவே மாட்டேங்குது. சில எடத்துல "க" (ஆங்கில that மாதிரி) வுக்கு அப்புறம் வருது, சில எடத்துல வாக்கியத்தோட ஆரம்பத்துலயே சம்பந்தம் இல்லாம வருது. நாவல் படிக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் இங்க மாட்டிக்கிறேன். (பிரெஞ்சு நாவல்களைச் சொந்தமா படிக்கிற வாசகர்)

பதில்: நீங்க பாத்தது ரொம்ப சரி, குழப்பத்தோட மூலமே அதுதான். இந்த ஒரு வடிவம் ரெண்டு வேற வேற வேலை பாக்குது, ரெண்டையும் ஒரே பேருல சொல்லிக்குடுக்கறதால மாணவங்களுக்கு ரெண்டும் கலந்துடுது. ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டா மிச்சமெல்லாம் தானா அடங்கிடும்.

மொதல் வேலை துணைவாக்கியத்துல. "ஜ தூத் கில் ஸ்வா பார்தி", அவன் கிளம்பிட்டானான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. சந்தேகப்படறது இப்போ, கிளம்பினது அதுக்கு முன்னாடி, அதனால சப்ஜோங்க்டிஃப் பஸே. இப்போ மொத்தத்தையும் அப்படியே இறந்தகாலத்துக்குத் தள்ளுங்க, "ஜ தூத்தே கில் ஃப்யூ பார்தி", அவன் கிளம்பிட்டானான்னு எனக்கு சந்தேகமா இருந்துச்சு. சந்தேகப்பட்டதே பழைய கதை, அவன் கிளம்பினது அதுக்கும் முந்தின கதை, அங்கதான் ப்ள்யூ-க-பார்ஃபே வருது. ஆக மூணு விஷயம் ஒண்ணா கூடணும். சப்ஜோங்க்டிஃப் கேக்கற ஏதோ ஒண்ணு இருக்கணும், அது சந்தேகமோ ஆசையோ பயமோ சந்தோஷமோ, இல்லேன்னா "பியேன் க" (இருந்தும்), "அவான் க" (முன்னாடி), "குவாக்" (இருந்தாலும்) மாதிரி ஒரு இணைப்புச் சொல்லோ. முதன்மை வினை இறந்தகாலத்துல இருக்கணும். துணைவாக்கியத்துல இருக்கற செயல் அதுக்கும் முன்னாடி முடிஞ்சிருக்கணும். "பியேன் கெல் யூ ஃபினி சோன் த்ராவாய், எல் ரெஸ்தா ஓ ப்யூரோ", வேலையை முடிச்சிருந்தும் அவ ஆபீஸ்லயே இருந்தா. மூணும் இருக்கு பாருங்க, "பியேன் க" இருக்கு, "ரெஸ்தா" பஸே சேம்ப்ல், வேலை முடிஞ்சது இருந்ததுக்கு முன்னாடி.

ரெண்டாவது வேலைக்கு "க"வே வேண்டாம், முதன்மை வாக்கியத்துலயே தனியா நிக்கும். நடக்காமப் போனதைச் சொல்றதுக்கு. "இல் யூ ப்ரேஃபேரே ரெஸ்தே", அவன் அங்கயே இருந்துடறதைத்தான் விரும்பியிருப்பான் (ஆனா முடியல). இதையே சாதாரண பிரெஞ்சுல "இல் ஒரே ப்ரேஃபேரே ரெஸ்தே"ன்னு கோந்திசியோனெல் பஸேல ("செஞ்சிருப்பான்"னு சொல்ற காலம்) சொல்லுவாங்க, அர்த்தத்துல இம்மி வித்தியாசம் கிடையாது, நடை மட்டும் உசந்தது. பழைய இலக்கணப் புத்தகங்கள் இதுக்கு கோந்திசியோனெல் பஸே ரெண்டாவது வடிவம்னு தனிப் பேரே குடுத்து தனி டேபிள் போட்டு வெச்சிருக்கும், ஆனா அந்த டேபிளை சப்ஜோங்க்டிஃப் ப்ள்யூ-க-பார்ஃபே டேபிள் பக்கத்துல வெச்சுப் பாத்தா எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். என் கருத்து, அந்த ரெண்டாவது பேரை மனசுல ஏத்திக்கவே வேண்டாம், ஒரு வடிவம் ரெண்டு வேலைன்னு வெச்சுக்கறது எவ்வளவோ மேல்.

அதனால நாவல்ல மாட்டிக்கும்போது கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, இந்த யூவை முன்னாடி இருக்கற யாராவது கூட்டிட்டு வந்திருக்காங்களா? "தூத்தே க", "பியேன் க"ன்னு யாராவது கூட்டிட்டு வந்திருந்தா மொதல் வேலை. யாரும் இல்லாம தானா வந்து நின்னா, இல்லேன்னா "ஸி"க்கு (ஆங்கில if மாதிரி) அப்புறம் நின்னா, ரெண்டாவது வேலை, மனசுக்குள்ள "ஒரே"ன்னோ, "ஸி"க்கு அப்புறம்னா "அவே"ன்னோ (அவ்வாரோட சாதாரண இறந்தகாலம்) மாத்திப் படிச்சுட்டு மேல போங்க.

கேள்வி: "ஸி"க்கு அப்புறம் கோந்திசியோனெல் வரவே கூடாதுன்னு எங்க டீச்சர் அடிச்சுச் சொல்லுவாங்க. ஆனா பிரெஞ்சு சிந்தனையாளர் பாஸ்கலோட க்ளியோபாட்ரா மூக்கு வாக்கியத்துல "சில் யூத் எதே ப்ள்யூ கூர்"னு வருதே, நீங்களும் அதை ரெண்டாவது வடிவம்னு சொல்றீங்க. அதுலயும் வாக்கியத்தோட ரெண்டாம் பாதில சாதாரண "ஒரே ஷான்ஜே" வருது. எது சரி?

பதில்: அருமையான கேள்வி. உங்க டீச்சர் சொன்னதும் சரி, பாஸ்கலும் சரி.

வாசகர்களுக்காக அந்த வாக்கியம்: க்ளியோபாட்ராவோட மூக்கு இன்னும் கொஞ்சம் குட்டையா இருந்திருந்தா பூமியோட முகமே மாறியிருக்கும். 1670ல, பாஸ்கல் இறந்து எட்டு வருஷம் கழிச்சு அச்சுக்கு வந்த அவரோட குறிப்புகள்ல இருக்கறது. மொதல் பாதில "யூத் எதே" (அதே யூதான், பின்னாடி உயிர் சத்தம் வர்றதால கடைசி டி கேக்குது), எத்ரோட ப்ள்யூ-க-பார்ஃபே சப்ஜோங்க்டிஃப், ரெண்டாம் பாதில "ஒரே ஷான்ஜே", சாதாரண கோந்திசியோனெல் பஸே.

டீச்சர் விதி தடுக்கறது "ரே"ல முடியற கோந்திசியோனெல் வடிவத்தை, "சில் ஒரே"ன்னு சொல்லக்கூடாது, அது இன்னிக்கும் தப்புதான். "யூத் எதே" அர்த்தத்துல என்ன வேலை பாத்தாலும் வடிவத்துல சப்ஜோங்க்டிஃப், அதனால அந்தத் தடை அதுக்குப் பொருந்தாது.

இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையே இருக்கு, எனக்கு இந்தக் காலத்துமேல இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனாலதான். லத்தீன்ல நடக்காததைச் சொல்லணும்னா ரெண்டு பாதிலயும் சப்ஜங்டிவ் ப்ளூபெர்ஃபெக்ட்தான் போடுவாங்க, "ஸி ஹாபுயிஸ்ஸெம், தெதிஸ்ஸெம்", இருந்திருந்தா குடுத்திருப்பேன். அந்த "ஹாபுயிஸ்ஸெம்" தேஞ்சு தேஞ்சுதான் பிரெஞ்சு "யூஸ்" ஆச்சு, "ஃபுயிஸ்ஸெம்" தேஞ்சு "ஃப்யூஸ்" ஆச்சு. அதாவது இன்னிக்கு நாம எம்பார்ஃபேன்னு சொல்ற வடிவம் லத்தீன்ல ப்ளூபெர்ஃபெக்டா இருந்தது, லத்தீனோட சொந்த எம்பார்ஃபே சப்ஜோங்க்டிஃப் பிரெஞ்சுக்கு வரவே இல்ல. பழைய பிரெஞ்சுல "யூஸ்", "ஃப்யூஸ்" தனியாவே ரெண்டு பாதிலயும் நின்னு நடக்காததைச் சொல்லிட்டு இருந்துச்சு, இப்போ நடக்காததுக்கும் அதுதான், அப்போ நடக்காததுக்கும் அதுதான். போகப்போக "அப்போ"வைத் தெளிவா காட்டணும்னு பின்னாடி ஒரு பார்த்திசிப் சேந்துச்சு, ப்ள்யூ-க-பார்ஃபே அந்த வேலையை எடுத்துக்கிச்சு. இன்னொரு பக்கம் புதுசா "ரே" வடிவமும், "ஸி"க்கு அப்புறம் "அவே" வடிவமும் வளர்ந்து வந்துச்சு. பழசு ஒரேயடியா போகல, புதுசோட சேந்தே இருந்துச்சு, அதனால இலக்கிய நடையில நாலு விதமும் செல்லும்:

சில் யூ ஸ்யூ, இல் ஃப்யூ வன்யூ.
சில் யூ ஸ்யூ, இல் ஸரே வன்யூ.
சில் அவே ஸ்யூ, இல் ஃப்யூ வன்யூ.
சில் அவே ஸ்யூ, இல் ஸரே வன்யூ.

நாலுக்கும் அர்த்தம் ஒண்ணே, தெரிஞ்சிருந்தா வந்திருப்பான். நாம பேசவும் எழுதவும் கடைசி ஒண்ணு போதும். பாஸ்கல் எழுதினது ரெண்டாவது. இன்னொரு விஷயமும் கவனிச்சு வெச்சுக்கங்க, "ஸி"யையே தூக்கிட்டு துணைவினையை முன்னாடி போடுற பழக்கமும் உண்டு, "ல்யூ-தில் ஸ்யூ, இல் ஃப்யூ வன்யூ", அர்த்தம் அதேதான். கேள்வி வாக்கியம் மாதிரி தெரியும், கேள்விக்குறி இருக்காது, அங்க ஏமாந்துடாதீங்க.

கேள்வி: நான் எழுதின வாக்கியம்: "ஜெத்தே கோந்தான் கெல் யூ ரேயூசி." யூல தொப்பி போடல, ரேயூசில பெண்பாலுக்காக ஒரு ஈ சேத்தேன். டீச்சர் ரெண்டு எடத்துல சிவப்பு வட்டம் போட்டாங்க, விளக்கம் சொல்லல.

பதில்: அவ ஜெயிச்சதுல எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, இதானே சொல்ல வந்தீங்க. "கோந்தான் க" சப்ஜோங்க்டிஃப் கேக்குது, "ஜெத்தே" இறந்தகாலம், ஜெயிச்சது அதுக்கு முன்னாடி, அதனால நீங்க எடுத்த காலம் சரி. ஆனா சப்ஜோங்க்டிஃப்னு வந்துட்டா யூக்கு தொப்பி இருந்தே ஆகணும், தொப்பி இல்லேன்னா அது வேற காலம், பஸே ஆந்தேரியர். ரெண்டாவது வட்டம் ஈக்கு. ரேயூசீர் அவ்வாரோட போற வினை, முன்னாடி செயப்படுபொருளும் எதுவும் இல்ல, அதனால அவள்ங்கறதுக்காக பார்த்திசிப் மாறாது. தொப்பியைப் போட்டு ஈயை எடுங்க, வாக்கியம் சுத்தமாயிடும்.

கேள்வி: தொப்பி உள்ள யூ, தொப்பி இல்லாத யூ ரெண்டும் சத்தத்துல ஒண்ணா இருக்கே, எழுதும்போது எப்படிங்க கண்டுபிடிக்கிறது? பிரெஞ்சுக்காரங்களே தப்பு பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன்.

பதில்: பண்றாங்க, நெறையவே. டிக்டேஷன்ல எத்தனையோ பேர் விழற எடம் இது. ரெண்டும் வர்ற எடத்தை மொதல்ல பாருங்க. "தே கில் யூ ஃபினி, இல் பார்தி", முடிச்ச உடனே கிளம்பினான். "தே க", "அப்ரே க", "லோர்ஸ்க" மாதிரி நேரம் சொல்ற சொல்லுக்கு அப்புறம், பஸே சேம்ப்ல் கதைக்குள்ள, நிஜமா நடந்து முடிஞ்ச செயல், இது பஸே ஆந்தேரியர், தொப்பி கிடையாது. சந்தேகம், ஆசை, "பியேன் க", "அவான் க", நடக்காதது எல்லாத்துக்கும் தொப்பி உண்டு.

கைவசம் வெச்சுக்க ஒரு சோதனை, எழுவாயைப் பன்மையாக்கிப் பாருங்க. "தே கில்ஸ் யூர் ஃபினி"ன்னு "யூர்" வந்தா ஒருமைக்கு தொப்பி இல்ல. "பியேன் கில்ஸ் யூஸ் ஃபினி"ன்னு "யூஸ்" வந்தா தொப்பி. காது பழகினவங்களுக்கு இது ஒரு நொடி வேலை. பழகாதவங்க வேற சோதனை பண்ணலாம், "ஒரே"ன்னோ "ஏ"ன்னோ (சப்ஜோங்க்டிஃப் பஸேல வர்ற அவ்வார்) மாத்தினா வாக்கியம் நிக்குதான்னு பாருங்க, நின்னா தொப்பி. சில புத்தகங்கள்ல "அவே" போட்டு நின்னா தொப்பி வேண்டாம்னு ஒரு வழி சொல்லியிருப்பாங்க, அதை "ஸி"க்கு அப்புறம் நம்பாதீங்க, ஏன்னா "சில் யூ ஸ்யூ"ல "அவே"யும் அழகா நிக்கும், ஆனா அங்க தொப்பி கட்டாயம்.

எத்ர்லயும் இதே தலைவலி உண்டு, "ஸ ஃப்யூ யூன் பெல் ஜூர்னே", அது ஒரு அருமையான நாளா இருந்துச்சு. நடந்தது நடந்துச்சுன்னு சொல்ற சாதாரண பஸே சேம்ப்ல் இது, தொப்பி வரவே கூடாது, ஆனா வாழ்த்து அட்டையிலிருந்து பத்திரிகை வரைக்கும் தொப்பியோட எழுதினதைப் பாக்கலாம். "செத்தே"ன்னு மாத்த முடிஞ்சா தொப்பியைக் கழட்டிடுங்க.

கேள்வி: "அவான் க"வுக்கு சப்ஜோங்க்டிஃப், "அப்ரே க"வுக்கு ஏன் இல்ல? ரெண்டும் ஒரே ஜாதிதானே?

பதில்: முன்னாடிங்கறது இன்னும் நடக்காதது, பின்னாடிங்கறது நடந்து முடிஞ்சது. நடந்து முடிஞ்சதுக்கு இலக்கணப்படி ஆந்திகாதிஃப், அதாவது உள்ளதை உள்ளபடி சொல்ற சாதாரண வினை வடிவம். பேச்சுல இன்னிக்கு "அப்ரே க"வோடயும் சப்ஜோங்க்டிஃப் சொல்றவங்க ஏராளம், அதோட பாதிப்புல எழுத்துலயும் "அப்ரே கில் யூ மான்ஜே"ன்னு தொப்பி போட்டு வர்றதைப் பாப்பீங்க. பரீட்சைல நீங்க போடாதீங்க.

கேள்வி: இதை யாராவது பேசுறாங்களா? பிரான்ஸ் போய் பேசினா புரிஞ்சுக்குவாங்களா?

பதில்: புரிஞ்சுக்குவாங்க, ஆனா பேச மாட்டாங்க. சாதாரண பேச்சுல சப்ஜோங்க்டிஃப் எம்பார்ஃபேயும் ப்ள்யூ-க-பார்ஃபேயும் எப்பவோ போயாச்சு. முக்கியமான காரணம் ஒண்ணு, இந்த வடிவங்கள் பஸே சேம்ப்ல் அடியிலேருந்து முளைச்சது, பஸே சேம்ப்ல் பேச்சைவிட்டுப் போனதும் கூடவே இதுவும் பிடி இல்லாம போச்சு. அதுவும் "பார்லாசியோன்" மாதிரி நீளமான தன்மைப் பன்மை, முன்னிலைப் பன்மை வடிவங்கள் பிரெஞ்சுக் காதுக்கே விநோதமா கேக்கும்.

அரசாங்கமே படிப்படியா கையைத் தளர்த்தின விஷயம் இது. 26 பிப்ரவரி 1901 ஆணைல, முதன்மை வினை கோந்திசியோனெல் ப்ரேசான்ல (ப்ரேசான்னா நிகழ்காலம்) இருந்தா துணைவாக்கியத்துல எம்பார்ஃபேக்கு பதிலா ப்ரேசான் எழுதலாம்னு விட்டாங்க. 28 டிசம்பர் 1976ல கல்வி அமைச்சகம் போட்ட ஆணை இன்னும் விரிவா போச்சு, முதன்மை வினை இறந்தகாலமோ கோந்திசியோனெலோ எதுவா இருந்தாலும், எம்பார்ஃபே வேண்டிய எடத்துல ப்ரேசானும் ப்ள்யூ-க-பார்ஃபே வேண்டிய எடத்துல சப்ஜோங்க்டிஃப் பஸேயும் பரீட்சைல ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. அதுல குடுத்த உதாரணமே நமக்கானது: "ஜ ந பான்ஸே பா கில் யூத் ஊப்ளியே ல ரான்தேவூ", அவன் அப்பாயிண்ட்மெண்டை மறந்திருப்பான்னு நான் நினைக்கல. யூத் எடத்துல "ஏத் ஊப்ளியே"ன்னு எழுதினாலும் தப்பில்லைன்னு.

அதனால நீங்க பேசும்போதும் மெயில் எழுதும்போதும் சப்ஜோங்க்டிஃப் பஸே போடுங்க, யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா அதுக்காக இந்தக் காலம் செத்துடுச்சு, படிக்கவே வேண்டாம்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். வோல்தேர், ஸ்தாந்தால், ஃப்ளோபேர், ப்ரூஸ்த் யாரை எடுத்தாலும் இது இல்லாம சில பக்கம்கூட தாண்ட முடியாது, இன்னிக்கு எழுதற நாவலாசிரியர்களும் வரலாறு எழுதறவங்களும் படர்க்கை ஒருமையை மட்டுமாவது விடாம வெச்சிருக்காங்க. பேசறதுக்கு வேண்டாம், படிக்கறதுக்கு கண்டிப்பா வேணும்.

கேள்வி: "ஓன் யூ தி"ன்னு ஒரு நாவல்ல அடிக்கடி வருது. டிக்‌ஷனரில கிடைக்கல. என்ன அது?

பதில்: "ஓன் ஒரே தி" யோட இலக்கிய வடிவம், "பாத்தா ... மாதிரியே இருந்துச்சு"ன்னு வர்ணிக்கறப்போ போடுறது. பத்தொம்பதாம் நூற்றாண்டு நாவல்கள்ல மழை மாதிரி கொட்டும். "ஓன் யூ தி அன் ஃபான்தோம்", பாத்தா பேய் மாதிரி இருந்துச்சு. யாரோ எதையோ சொன்னாங்கன்னு நேரடியா எடுத்துக்கிட்டா பத்தியே கோணலாயிடும், ஒரே சொல்லா நினைச்சுக்கங்க.

கேள்வி: ஸ்பானிஷும் கொஞ்சம் தெரியும். அங்க "ஸி உபியேரா ஸாபிதோ"ன்னு தெருவுல போறவங்ககூட சொல்றாங்க. பிரெஞ்சுல மட்டும் ஏன் இப்படி புத்தகத்துக்குள்ள போயிடுச்சு?

பதில்: ஸ்பானிஷ், இத்தாலியன் ரெண்டுலயும் இந்தக் காலம் நல்லா உயிரோட இருக்கு, இத்தாலியன்ல "ஸே அவெஸ்ஸி ஸபூதோ"ன்னு தினமும் சொல்லுவாங்க. உங்க ஸ்பானிஷ்ல "உபியேரா"ன்னும் சொல்லலாம் "உபியேஸே"ன்னும் சொல்லலாம் இல்லையா, அந்த "உபியேஸே"யும் பிரெஞ்சு "யூஸ்"ஸும் அதே லத்தீன் "ஹாபுயிஸ்ஸெம்" குடும்பம்தான். பிரெஞ்சு "ஸி"க்கு அப்புறம் ஆந்திகாதிஃபையே போட்டு "சில் அவே ஸ்யூ"ன்னு ஒரு வழி கண்டுபிடிச்சுக்கிச்சு, வேலை நடந்துடுச்சு, பழசுக்குத் தேவை குறைஞ்சுடுச்சு. உங்களுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு, ஸ்பானிஷ்ல எங்க "உபியேரா" வருமோ அங்க பழைய பிரெஞ்சுல பெரும்பாலும் யூ வரும், படிக்கும்போது அதை வெச்சே பிடிச்சுக்கலாம்.

கேள்வி: 1990 எழுத்துச் சீர்திருத்தத்துல தொப்பியை எடுத்துட்டாங்களே, அப்புறம் இதுக்கும் தொப்பி தேவையில்லைதானே?

பதில்: தேவை. 6 டிசம்பர் 1990ல வந்த பரிந்துரை, ஐ, யூ எழுத்துமேல இருக்கற தொப்பியை நெறைய சொல்லுல விட்டுடலாம்னு சொல்லுச்சு, ஆனா பஸே சேம்ப்ல், சப்ஜோங்க்டிஃப் எம்பார்ஃபே, ப்ள்யூ-க-பார்ஃபே வினை முடிவுகளுக்கு தொப்பி அப்படியே இருக்கணும்னு அதுலயே விதிவிலக்கு இருக்கு. தொப்பி போனா பஸே ஆந்தேரியரையும் இதையும் எழுத்துல பிரிக்கவே முடியாது.

கேள்வி: டெல்ஃப் பி2 பிரெஞ்சுத் தேர்வு எழுதப் போறேன். இதுல கேள்வி வருமா?

பதில்: நீங்க இதை எழுதிக் காட்டணும்னு பி2ல யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. சப்ஜோங்க்டிஃப் ப்ரேசான், பஸே ரெண்டையும் தடுமாறாம எழுதுங்க, அது போதும். அதுக்கு மேல இருக்கற டால்ஃப் தேர்வுக்குப் படிக்கறப்போ பாத்தா அடையாளம் தெரியணும்.

கேள்வி: "இல் யூத் யூ"ன்னு படிச்சேன், அச்சுப்பிழையா?

பதில்: இல்ல, அவ்வாரோட சொந்த ப்ள்யூ-க-பார்ஃபே, மொதல் யூ துணைவினை, ரெண்டாவது யூ பார்த்திசிப். தொப்பி மொதல்ல மட்டும்தான். இதே மாதிரி "யூத் எதே"க்குப் பின்னாடி இன்னொரு பார்த்திசிப் வந்தா செயப்பாட்டுவினை, "பியேன் கில் யூத் எதே ப்யூனி", அவனுக்கு தண்டனை குடுத்திருந்தும். இங்க வினை மூணு துண்டா நிக்கும், நடுவுல இருக்கற "எதே"யைப் பாத்து எத்ர் துணைவினைன்னு நினைச்சுடாதீங்க.

கேள்வி: "இல் ஃபோ கில் யூ ஃபினி"ன்னு எழுதினா உசந்த நடையா இருக்குமா?

பதில்: தப்பா இருக்கும். "இல் ஃபோ" நிகழ்காலம், அங்க "கில் ஏ ஃபினி"தான். முதன்மை வினை நிகழ்காலத்துல இருக்கறப்போ இந்தக் காலத்தைக் கொண்டுவந்து வெக்கறதுதான் ஆர்வக்கோளாறுல அதிகமா நடக்கற தப்பு.

கேள்வி: எப்படி மேடம் பழகுறது? கிராமர் புத்தகம் திறந்தாலே தூக்கம் வருது.

பதில்: புத்தகத்தை மூடிட்டு நாடகம் எடுங்க. 1637ல வந்த கோர்னேயோட ல சித், மூணாவது அங்கம், நாலாவது காட்சி. அப்பாவைக் கொன்னவன் முன்னாடி நிக்கறான், அவனையே காதலிக்கறா, அந்த நேரத்துல ஷிமேன் சொல்றா, "ரோத்ரிக், கி ல்யூ க்ர்யூ?", யார் நம்பியிருப்பா? அவன் சொல்றான், "ஷிமேன், கி ல்யூ தி?", யார் சொல்லியிருப்பா? ரெண்டும் நம்ம காலம்தான், ரெண்டாவது வேலை, "க" கிடையாது, "கி ல்ஒரே க்ர்யூ"ன்னு மாத்திப் பாருங்க, அர்த்தம் அப்படியே நிக்கும். இதுல "கி ல்யூ க்ர்யூ" இன்னிக்கும் பிரெஞ்சுக்காரங்க வாயில வர்ற சொல், எதிர்பாக்காதது நடந்துட்டா சொல்லுவாங்க. அந்தக் காட்சியை சத்தம்போட்டுப் படிங்க, யூ வர்ற எடத்துல எல்லாம் பென்சிலால ஒரு கோடு, பக்கத்துல 1 இல்ல 2ன்னு எந்த வேலைன்னு எழுதுங்க. கோடு போட்டதை எல்லாம் அப்புறம் சாதாரண பிரெஞ்சுல மாத்தி எழுதுங்க, 1ஐ "ஏ"க்கோ "ஸ்வா"வுக்கோ, 2ஐ "ஒரே"க்கோ "ஸரே"க்கோ, "ஸி"க்கு அப்புறம்னா "அவே"க்கோ "எத்தே"க்கோ. மாத்தினதுல எங்கயாவது வாக்கியம் நிக்காம விழுந்தா அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அங்கேருந்து பாக்கலாம்.